அப்பாவின் பச்சைப் பெருவிரல்

போன மாதம் மண்டபத்தில் நம் வகுப்பு கூடியபோது நான் எல்லா ஜோக்குக்கும் சிரித்தேன் என்று வாட்ஸ்அப் குரூப்பில் ஒருத்தி ஆச்சரியப்பட்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு இருப்பேனாம், இப்போது எவ்வளவோ மாறிவிட்டேனாம். மாறவெல்லாம் இல்லை. நீங்கள் சிரித்தபோது நானும் சிரித்தேன், அவ்வளவுதான். ஒரு ஜோக்கும் என் காதில் விழவில்லை. பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்தவள் தன் வீட்டுக்காரர் இறந்துபோனதைச் சொல்லியிருக்கிறாள். அதற்கும் சிரித்தபடி தலையாட்டியிருக்கிறேன். அவள் பெருந்தன்மைக்காரி. 'துக்கத்தைக்கூடச் சிரிச்ச முகமா கேட்டுக்கிட்டா, மனசுக்குத் தெம்பா இருந்துச்சு' என்று எழுதியிருந்தாள். அதைப் படித்துவிட்டு, நான் நர்ஸாக வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியின் கழிப்பறையில் பத்து நிமிடம் நின்றுகொண்டிருந்தேன்.

நம் வகுப்பு மலருக்கு ஆளுக்கொரு இளமைக்கால நினைவு கேட்டீர்கள். ஒன்று எழுதி வைத்திருந்தேன். பள்ளிக்கூடத்துப் புளியமரம், புளியங்காய், உப்பு மிளகாய் என்று நன்றாகத்தான் வந்திருந்தது. அதைக் கிழித்துப்போட்டுவிட்டு இதை எழுதுகிறேன். போடுவதும் போடாததும் உங்கள் இஷ்டம். போட்டால் பக்கத்தில் என் போட்டோ மட்டும் வேண்டாம்.

நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, நம் பிள்ளைகள் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன். விருத்தாசலத்தில் அன்று யார் வீட்டிலும் முழுதான பாத்திரம் கிடையாது. பீங்கான் கம்பெனிகள் கழித்துப்போட்டதுதான் நம் அலமாரிகளில் இருந்தது. விளிம்பு நெளிந்த கப், மூக்கில்லாத வாத்து, ஒரு பக்கம் மட்டும் சிரிக்கிற பிள்ளையார். நேராக நிற்கிற கப்பில் நான் முதன்முதலாகக் காபி குடித்தது பெண் பார்க்க வந்தவர்களுக்காக இரவல் வாங்கிய கப்பில். அதுவும் அவர்கள் போன பிறகு, மிச்சத்தை.

என் அப்பா வேலை பார்த்த கம்பெனியில் பொம்மை செய்யவில்லை. மின்கம்பத்தின் உச்சியில் பழுப்பு நிறத்தில் கவிழ்த்த கிண்ணம் மாதிரி ஒன்று குந்தியிருக்குமே, கம்பியைத் தாங்கிக்கொண்டு, அந்தப் பீங்கான். அதில் மயிரிழை விரிசல் இருந்தாலும் போதும், மழையில் அதற்குள் தண்ணீர் இறங்கி, கம்பியில் ஓடுகிற கரண்ட்டு கம்பத்துக்கு இறங்கிவிடும். கம்பத்தில் சாய்ந்து நிற்பவருக்கு இதெல்லாம் தெரியாது. தெரிந்துகொள்ள நேரமும் இருக்காது.

அந்த விரிசலைக் கண்டுபிடிப்பதுதான் அப்பாவின் வேலை. செக்கர் என்பார்கள். பெரிய மெஷின் சோதனைக்குப் பெட்டிக்கு இரண்டு போகும், மீதி அத்தனைக்கும் அப்பாவின் காதுதான். இடது கையில் பீங்கானைத் தூக்கிப் பிடித்து, வலது கையால் சின்ன மரச்சுத்தியால் ஒரு தட்டு. நல்லதாக இருந்தால் கோயில் மணிக்கு ஒன்றுவிட்ட தங்கை மாதிரி கணீர் என்று பேசும். விரிசல் இருந்தால் ஈரச் செருப்பை உதறின மாதிரி சொத்தென்று ஒரு சத்தம். நல்லதைக் கவிழ்த்து, அடியில் உள்ள குழியில் பெருவிரலால் பச்சை மை வைப்பார். அதற்குப் பிறகுதான் பெட்டி. கழித்தது பின்பக்கத்து மேட்டுக்குப் போகும். அப்பாவின் வலது பெருவிரல் எப்போதும் பச்சையாகவே இருக்கும். சோறு பிசைந்தாலும் பச்சை, எனக்குத் தலை பின்னினாலும் பச்சை. வகுப்பில் என் ரிப்பனில் பச்சைக் கறை பார்த்து, 'உங்க வூட்ல கிளி வளக்கறீங்களா' என்று கேட்டவர் இந்தக் குரூப்பில்தான் இருக்கிறார். பெயர் சொல்லவில்லை.

அப்பாவுக்குக் கொள்கை என்று பெரிதாக எதுவும் கிடையாது. எந்தக் கட்சிக் கூட்டத்துக்கும் போகமாட்டார், யாருக்கும் புத்தி சொல்லமாட்டார். கேட்டுவிட்டு மை வைப்பார், கேட்காமல் வைக்கமாட்டார், அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் மூன்று தரம் தட்டுவார். மூன்றாவது தரமும் சந்தேகம் என்றால் மேட்டுக்கு. 'காசு குடுத்து வாங்கறவனுக்குக் கம்பத்து மேல ஏறிப் பாக்க முடியாதுல்ல' என்று ஒரே ஒரு தடவை அம்மாவிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதுவும் கத்தரிக்காய் பொறுக்கும்போது.

நான் ஆறாம் வகுப்பு படித்த வருஷத்து ஐப்பசி அது. மழை என்றால் அப்படி ஒரு மழை. மணிமுத்தாற்றில் தண்ணீர் வந்து, பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டு, லீவு சலித்துப்போகிற அளவுக்கு மழை. பீங்கானுக்கு மழை ஆகாது. அச்சிலிருந்து எடுத்த பச்சை மண் சரியாகக் காயாது, அரைகுறை ஈரத்தோடு சூளைக்குப் போய் வெடிக்கும். எல்லா வருஷமும் மழைக்காலத்தில் கழிவு அதிகம்தான். அதனால்தான் அந்த வருஷம் கழிவு இரண்டு பங்கு ஆனபோது யாருக்கும் முதலில் ஒன்றும் தோன்றவில்லை. மழையைத் திட்டினார்கள். மழை பொறுத்துக்கொண்டது.

பக்கத்து வீட்டு அக்கா அதே கம்பெனியில் அச்சு போடுகிறவர். கழிக்கிற பீங்கானுக்குக் கூலி கிடையாது. ஒரு நாள் சாயங்காலம் முந்தானையில் கண்ணைத் துடைத்துக்கொண்டு அம்மாவிடம் வந்தார்.

"அண்ணனுக்கு எம்மேல எதனா கோவமா அண்ணி? நான் போட்டதுல பாதியத் தூக்கி மேட்டுல போட்டுட்டாரு. எதிர்ல நின்னு கூப்புடுறேன், அண்ணே அண்ணேன்னு. திரும்பிக்கூடப் பாக்கல."

அம்மா அவருக்கு வரக்காபி போட்டுக் கொடுத்து அனுப்பினார். ஆனால் அம்மாவின் மூளை வேறு திசையில் கிளம்பிவிட்டது. ஏனென்றால் வீட்டிலும் அப்பா கூப்பிட்டால் திரும்புவதில்லை. முதுகுக்குப் பின்னால் அரிசி இல்லை என்றாலும் பதில் இல்லை, மண்ணெண்ணெய் வண்டி மணியடித்துப் போனாலும் எழுந்திருப்பதில்லை. முகத்துக்கு நேராகப் பேசினால் மட்டும் வாயையே உற்றுப் பார்க்கிறார். இருபது வருஷம் குடும்பம் நடத்திய பிறகு புருஷன் திடீரென்று வாயை உற்றுப் பார்த்தால் ஒரு பெண்பிள்ளை என்ன நினைப்பாள்? அம்மாவுக்கு இரண்டே முடிவுகள் தெரிந்தன. ஒன்று, அப்பாவுக்கு வேறு பெண்ணோடு தொடர்பு. இரண்டு, அந்தப் பெண் பக்கத்து வீட்டு அக்கா. திரும்பிப் பார்க்காமல் நடிக்கிறாராம். கம்பெனியில் யாரும் சந்தேகப்படக் கூடாதாம். அந்த அக்காவுக்குக் காபி கொடுப்பது நின்றுபோனது.

உண்மையை முதலில் கண்டுபிடித்தவள் நான். துப்பறியும் திறமை ஒன்றும் இல்லை. எங்கள் வீட்டுப் பின்கட்டுக்குத் தகரக் கூரை. மழை அதில் விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. அப்படி ஒரு மழையில், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அப்பா சுவரைப் பார்த்து உட்கார்ந்து சைக்கிள் செயினுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமல் என்னைக் கேட்டார்.

"பாப்பா, மழ வுட்டுடுச்சா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். "இன்னும் வுடலப்பா" என்றேன். அதுவும் அவருக்குக் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துக் குடை எடுக்காமல் கதவைத் திறந்தார். வாசலில் தண்ணீர் சுவர் மாதிரி நின்றது. அதைப் பார்த்தபடி வெகுநேரம் அசையவில்லை. மழையைக் கண்டு அப்படிப் பயந்த ஒரு மனிதரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

நான் யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக் கூடாது என்று எப்படித் தெரிந்தது என்று எனக்குத் தெரியாது.

அதன் பிறகு அப்பா புதிதாக ஒரு வழி கண்டுபிடித்தார். சில்வர் டம்ளரைத் தட்டிவிட்டு விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அம்மா பார்த்துவிட்டு, இது வசிய மருந்தின் வேலைதான் என்று உறுதிக்கு வந்தார். எனக்கு இப்போது தெரியும், காதுக்குள் இருக்கும் சின்ன எலும்பு இறுகிப்போனவர்களுக்குப் பல் வழியாக, தாடை வழியாகச் சத்தம் கொஞ்சம் உள்ளே போகும். அப்பா இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. கம்பெனியிலும் பீங்கானைத் தட்டி, விளிம்பைப் பல்லில் வைத்துப் பார்த்தார். நான்கு நாள் நன்றாகத்தான் நடந்திருக்கிறது. கழிவு குறைந்தது. அச்சு போடுகிற பெண்கள் 'செக்கரு சரக்குக்கு முத்தம் குடுக்குறாரு' என்று சிரித்தார்கள். ஐந்தாம் நாள் சூளைக்காரர் முதலாளியிடம் சொல்லிவிட்டார். சூளைக்குப் படையல் போட்டுப் பற்றவைக்கிறோம், அதிலிருந்து வருகிற சரக்கை ஒருத்தர் எச்சில் பண்ணலாமா என்று. கம்பத்து மேல் காக்கை உட்கார்ந்து எச்சம் போடப்போகிற பொருள்தான். ஆனாலும் எச்சில் எச்சில்தான். முதலாளி கூப்பிட்டு, வாயில் வைக்காதீங்க என்று சொல்லிவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த எட்டு நாள்.

அந்த எட்டு நாளும் அப்பா தட்டினார், கேட்கவில்லை, மை வைத்தார். முன்னால் அச்சு போடுகிற பெண்கள் நின்று அவர் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். தீபாவளி பத்து நாளில். கழித்தால் அவர்கள் பிள்ளைகளுக்குத் துணி இல்லை. கழிக்காவிட்டால் யாரோ, எங்கேயோ, கம்பத்தில். முகம் தெரிந்தவர்கள் பக்கம் விரல் போயிற்று. இதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. என் விரல் இன்று எந்தப் பக்கம் போகிறது என்று பின்னால் சொல்கிறேன், அப்புறம் நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

ஒன்பதாம் நாள் காலையில் நல்லூர்ப் பக்கம் ஒரு மாடு கம்பத்தில் உரசிச் செத்துவிட்டது என்று பேச்சு வந்தது. மழைக்காலத்தில் நடப்பதுதான். அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். போய்ப் பார்த்தால் அது பழைய கம்பம், பழைய பீங்கான், அப்பாவின் விரல் பட்டதே இல்லை. ஆனால் மாட்டுக்காரப் பெண் மாட்டின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சேற்றில் உட்கார்ந்திருந்தாராம். அப்பா திரும்பி வந்து, துண்டைக்கூடப் பிழியாமல், அம்மாவின் முகத்துக்கு நேராக நின்று சொன்னார்.

"எனக்குக் காது கேக்கல. ரெண்டு மாசமாச்சு."

அம்மா அவரைப் பார்த்தார். பிறகு சிரித்தார். எனக்கு அது விளங்கவே பல வருஷம் ஆயிற்று. வேறு பெண் இல்லை, வெறும் செவிடுதான் என்ற சந்தோஷம். அந்தச் சிரிப்பு பாதியில் மாறி, அடுப்படியில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தார். செக்கருக்குக் காது இல்லையென்றால் வீட்டுக்கு என்ன இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

அப்பா அன்றே முதலாளியிடம் போனார். முதலாளி கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்திருந்தால் இதை எழுதுவது எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எட்டு நாள் சரக்கும் குடோனில் பெட்டி பெட்டியாக இருக்கிறது, எல்லாவற்றையும் பிரித்து வேறு ஆளை வைத்துத் தட்டிப் பார்க்க வேண்டும் என்றார் அப்பா. நாளைக் காலை லாரி. தவணை தப்பினால் அடுத்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விடும். நாற்பது பேர் வேலை. முதலாளி நம்பவில்லை. பல்லில் வைக்கக் கூடாது என்று சொன்ன கோபத்தில் பேசுகிறார் என்று நினைத்தார்.

"காது கேக்கலன்றீங்க. நான் கேக்கறதுக்கெல்லாம் டக்கு டக்குனு பதிலு வருது?"

"உங்க வாயப் பாத்து சொல்றேங்க."

முதலாளி யோசித்து ஒரு ஏற்பாடு சொன்னார். மத்தியானம் தன் அறையில் ஐந்து பீங்கான் வைக்கப்படும். நான்கு நல்லது, ஒன்று விரிசல், கண்ணுக்குத் தெரியாதது. அப்பா சரியாக எடுத்துவிட்டால் சரக்கு லாரியில் போகும், அப்பாவும் பேசாமல் வேலையைப் பார்க்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் அத்தனை பெட்டியும் பிரிக்கப்படும். அப்பாவைக் கணக்கு முடித்து அனுப்பிவிடுவார்கள்.

அதாவது, அப்பா தோற்க வேண்டும். தோற்றால்தான் பெட்டிகள் பிரியும். அவர் அதற்குத் தயாராகத்தான் வீட்டுக்கு வந்து சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். அம்மா தயாராக இல்லை.

மத்தியானச் சாப்பாட்டைத் தூக்கில் வைத்து என்னிடம் கொடுத்தார் அம்மா. முதலாளி பின்னால் நின்றுகொள், அப்பா தட்டும்போது உன் காதுக்குச் சொத்தென்று எது கேட்கிறதோ, அப்போது சடையைத் தொடு, அப்பா பார்த்துக்கொள்வார் என்றார். நான் தலையாட்டினேன். எனக்கு அப்போது பதினோரு வயது. அப்பாவைக் காப்பாற்றப் போகிறேன் என்று தூக்குவாளியை ஆட்டிக்கொண்டே போனேன்.

முதலாளி அறை மேசையில் எப்போதும் வெள்ளை மண் தூசி படிந்திருக்கும். துடைத்த அரை மணியில் மறுபடி படியும். அதன் மேல் ஐந்து பீங்கான் வரிசையாக நின்றன. நான் போனபோது முதலாளியை வெளி அறையில் போனுக்குக் கூப்பிட்டார்கள். அவர் போனார். அப்பா மூலையில் குழாயடியில் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, சோப்புப் போட்டுப் பெருவிரலைத் தேய்த்துக்கொண்டிருந்தார். பச்சை போகவில்லை. தேய்த்துக்கொண்டே இருந்தார்.

தூக்கில் கரண்டி இருந்தது. நான் அதை எடுத்து ஐந்து பீங்கானையும் தட்டினேன். கணீர். கணீர். கணீர். நான்காவது சொத்தென்றது. ஐந்தாவது கணீர். சின்ன அறை அது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பியது. வெளியே போன் பேசுகிறவர்களின் இரைச்சலில் அங்கே கேட்டிருக்காது. ஆனால் ஆறு அடி தூரத்தில் நின்ற என் அப்பா, இருபது வருஷம் அந்தச் சத்தத்தைக் கேட்டே சம்பாதித்தவர், திரும்பவில்லை. அந்த முதுகு அசையவில்லை. தோள்பட்டைக்கு நடுவே சட்டை கிழிந்து அம்மா தைத்த தையல் இருந்தது. அதுகூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

அப்போது எனக்கு இன்னொன்று தோன்றியது. சடையைத் தொடுவதையெல்லாம் அப்பா பார்க்கமாட்டார். பார்த்தாலும் எடுக்கமாட்டார். ஆனால் அப்பா எப்போதும் வலது கோடியிலிருந்துதான் எடுப்பார். இலையில் வைத்ததையும் அப்படித்தான் சாப்பிடுவார். விரிசல் பீங்கானை இழுத்து வலது கோடிக்குக் கொண்டுவந்தேன். அங்கே இருந்ததை அதன் இடத்துக்குத் தள்ளினேன். கனமாக இருந்தது, இரண்டு கையும் வேண்டியிருந்தது. கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் போய் நல்ல பிள்ளையாக நின்றேன்.

முதலாளி வந்தார், சூளைக்காரரும் வந்தார். அப்பா மேசை முன்னால் நின்று என்னை ஒரு தரம் பார்த்தார். அம்மா அனுப்பியிருக்கிறாள் என்றால் எதற்கு என்று அவருக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டார். மூடிய கண்ணோடு கை தடவி ஐந்தையும் தட்டினார், ஒவ்வொன்றையும் மூன்று தரம். எனக்கு எல்லாம் கேட்டது. கண்ணைத் திறந்தார்.

"எனக்கு அஞ்சும் ஒண்ணாத்தான் இருக்குதுங்க. எதுவும் கேக்கல."

"அப்பிடிச் சொன்னா எப்பிடி. ஏதாச்சும் ஒண்ணத் தொட்டுதான் ஆவணும்" என்றார் முதலாளி.

அப்பா பெருமூச்சு விட்டு, கைக்குக் கிட்டே இருந்ததைத் தொட்டார். வலது கோடியில் இருந்ததை.

விரிசல் பீங்கானின் அடியில் பென்சிலால் ஒரு புள்ளி வைத்திருந்தாராம் சூளைக்காரர். கவிழ்த்துப் பார்த்தார்கள். முதலாளி கை தட்டிச் சிரித்தார். இந்தக் காதுக்குத்தானே சம்பளம் கொடுக்கிறேன், என்னிடமே நாடகமா என்றார். தெரியாமத்தான் தொட்டேங்க, சத்தியமாத் தெரியாமத்தான் தொட்டேன் என்று அப்பா இரண்டு முறை சொன்னார். அவர்கள் அதையும் நாடகத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

அப்போதுதான் அப்பா மேசையைப் பார்த்தார். வெள்ளைத் தூசியில் இரண்டு பீங்கான்களை இழுத்த தடம், பாம்பு போன மாதிரி. பக்கத்தில் என் விரல்கள். சின்ன விரல்கள். அந்த அறையில் சின்ன விரல் உள்ளவள் நான் ஒருத்திதான்.

அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். 'எம் பொண்ணு மாத்தி வெச்சிடுச்சுங்க' என்றால் போதும், எட்டு நாள் பெட்டியும் பிரிந்திருக்கும். அவர் முதலாளியைப் பார்த்தார், சூளைக்காரரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. தோளில் கிடந்த துண்டை எடுத்து மேசையை ஓரத்திலிருந்து ஓரம் வரை துடைத்தார். நன்றாக, மெதுவாக. முதலாளி அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்கு ஏதாவது வாங்கித் தருவார் என்று எதிர்பார்த்தேன். உண்மையாகத்தான் சொல்கிறேன். தேன்மிட்டாய்க் கடை வந்தபோது நடையைக்கூடக் குறைத்தேன்.

மறுநாள் காலை லாரி கிளம்பியபோது அப்பா ரோட்டோரம் மழையில் நின்று, அது திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு உள்ளே போய் மரச்சுத்தியையும் மைப்பெட்டியையும் முதலாளி மேசையில் வைத்துவிட்டு வந்துவிட்டார். காது கேட்கிற செக்கர் வேலையை விட்டது திமிர் என்று ஊரே சொன்னது. காது போனது தெரிந்த அம்மாவும் சாகும் வரை திமிர் என்றேதான் சொன்னார். புதிதாக வந்த செக்கர் எதையுமே கழிக்கவில்லை. பக்கத்து வீட்டு அக்கா அவரைத் தங்கமான மனுஷன் என்றார். அப்பா இன்னொரு கம்பெனியில் மண் அரைக்கிற உருளைக்குப் பக்கத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அது ஓடினால் அங்கே யாருக்குமே காது கேட்காது. அந்த இடத்தில் அவர் எல்லோரையும் போல இருந்தார்.

ஆனால் அன்றிலிருந்து அப்பா தெருவில் அண்ணாந்துதான் நடந்தார். ஒவ்வொரு கம்பமாக. பக்கத்து மங்களூரில் கல்யாணத்துக்குப் போனாலும், சேத்தியாத்தோப்பில் பஸ் மாறினாலும், முதலில் கம்பத்து உச்சிதான். அங்கே பார்த்து ஒன்றும் தெரியாது. பச்சை மை வைத்த குழிக்குள் இரும்புக் கம்பி ஏறி உட்கார்ந்துவிடும், அவருடைய விரலை அவரே பார்க்க முடியாது. அது அவருக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும். ஆனாலும் பார்த்தார். மழை பெய்தால் பேப்பரை எடுத்து மின்சாரச் சாவு இருக்கிறதா என்று தேடி, ஊர்ப் பெயரை இரண்டு தரம் படிப்பார். அந்தப் பெட்டிகளில் எத்தனை விரிசல் இருந்தன? ஒன்றும் இல்லாமலேகூட இருந்திருக்கலாம். யாராவது செத்தார்களா? தெரியாது. தெரியாமலேதான் அவரும் போனார். நர்சிங் படிக்க என்னைப் பஸ் ஏற்றிவிட்ட அன்றும் கையசைக்காமல் மேலே பார்த்துக்கொண்டு நின்றார். நான் பீங்கானை மாற்றி வைத்ததைப் பற்றி ஒரு நாளும் அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. நாங்கள் இரண்டு பேரும் அந்த விஷயத்தில் செவிடாகவே இருந்துவிட்டோம்.

இப்போது என் விரல்.

இரண்டு வருஷத்துக்கு முன் காது டாக்டர் என்னிடம், குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்று கேட்காதீர்கள். மெஷின் மாட்டச் சொன்னார். மாட்டவில்லை. நர்ஸுக்குக் காது போய்விட்டது என்று தெரிந்தால் எங்கே உட்கார வைப்பார்கள், பெண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு இருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம். நான் வேலை பார்க்கிற சின்ன ஆஸ்பத்திரியில் பேட்டரி பிரஷர் மெஷின் இருந்த வரை சமாளித்தேன். அது பழுதாகி ரிப்பேருக்குப் போனது. அதற்குப் பதிலாகப் பழைய மெஷின்தான், கையில் பட்டையைச் சுற்றி, ஸ்டெதாஸ்கோப்பை வைத்து, ரத்தம் தட்டுகிற சத்தம் தொடங்குவதையும் நிற்பதையும் கேட்க வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகள் வருகிற நாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. வரிசை வாசல் வரை நின்றது. நான் பட்டையைச் சுற்றினேன், காற்றை அடித்தேன், முகத்தைக் கவனமாக வைத்துக்கொண்டேன், எழுதினேன். நூற்றிருபது, எண்பது. அடுத்தவருக்கு நூற்றுப் பத்து, எழுபது. எல்லாம் ஒன்றாக இருந்தால் சந்தேகம் வரும் அல்லவா, அந்த அறிவு எனக்கு இருந்தது. அன்று காலை எங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த அத்தனை பேரும் உலகத்திலேயே ஆரோக்கியமானவர்கள். பதினான்காவதாக வந்த பெண்ணுக்கு எட்டு மாசம். செருப்பு வார் காலில் பதிந்து தெரிந்தது, அவ்வளவு வீக்கம், பிரஷர் ஏறினால் வருகிற வீக்கம். தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ சொன்னாள். நான் சிரித்துத் தலையாட்டினேன். நூற்றிருபது, எண்பது. அவள் போய்விட்டாள்.

டீ குடிக்க எழுந்து ஜன்னலுக்கு வந்தேன். வெளியே கம்பம். மேலே பழுப்புக் கிண்ணம். தூறிக்கொண்டிருந்தது.

பதிவேட்டில் அவள் நம்பர் இருந்தது. என் போனிலிருந்து கூப்பிட்டேன். மணி அடிக்கிறதா என்றுகூடத் தெரியவில்லை, திரையில் நொடிகள் ஓட ஆரம்பித்ததைப் பார்த்துத்தான் எடுத்துவிட்டார்கள் என்று தெரிந்துகொண்டேன். "நீ பஸ் ஏறிட்டியாம்மா?" என்றேன். அந்தப் பக்கம் யாரோ பேசினார்கள், அல்லது பேசவில்லை. பன்னிரண்டு நொடி. பதினைந்து. பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த சின்ன நர்ஸ் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தாள்.

போனை அவள் கையில் கொடுத்தேன்.

"எனக்குக் காது கேக்கலம்மா. நீ பேசு. எங்க இருந்தாலும் அங்கயே எறங்கித் திரும்பி வரச் சொல்லு. பிரஷர் நான் பாக்கல. பாக்காமயே எழுதிட்டேன்."

அவள் என்னைப் பார்த்தாள். அப்பாவின் முகத்தை முதலாளி பார்த்த மாதிரி, நாடகமோ என்று. பிறகு என்ன தெரிந்ததோ, போனைக் காதில் வைத்துப் பேசினாள். பேசி முடித்து, நான் வாயைப் பார்ப்பதைக் கவனித்து, முகத்தை என் பக்கம் திருப்பி மெதுவாகச் சொன்னாள்.

"பஸ்ஸுல இருக்குதாம். கண்ணு மங்கலாத் தெரியுதுன்னுச்சு. வீட்டுக்காரரு எறக்கித் திருப்பிக் கூட்டியாறாரு. டாக்டரக் கூப்புடுறேன். வேற யாருக்குக்கா போன் பண்ணணும்?"

நான் பதிவேட்டைத் திருப்பி அவள் முன்னால் வைத்து, அன்றைய முதல் பெயரின் மேல் பெருவிரலை வைத்தேன்.

"இங்கேர்ந்து" என்றேன்.